குரங்குக்குப் பழம், ஆற்றுக்குத் துணி: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடங்களிலும் ஊர்க் கூட்டங்களிலும் காட்டுயிர் பற்றிப் பேசப் போகும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி என்று நிர்வாகம் மூன்றாகப் பிரித்திருந்தாலும் மலையும் ஆறும் குளமும் ஒரே சீமைதான் என்பதால் எல்லாம் கலந்தே இருக்கும். வேட்டைக்காரர்களையும் மரம் கடத்துகிறவர்களையும் பற்றி இங்கே அதிகம் இல்லை. அவர்களைப் பிடிக்க வனத்துறை இருக்கிறது. பாசத்தாலும் பக்தியாலும் வசதிக்காகவும் நல்லவர்கள் செய்கிற காரியங்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

வாயில்லாச் சீவனுக்கு ஒரு பழம் கொடுப்பதில் என்ன தப்பு? எங்கள் ஆச்சி காலத்திலிருந்து குற்றாலத்தில் கொடுத்து வருகிறோம்.

ஆச்சி காலத்தில் வண்டி கட்டிக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை போனவர்கள் கொடுத்தது வேறு. சாரல் சீசனில் சனி, ஞாயிறு தவறாமல் வந்து குவியும் கார்களின் கண்ணாடியை இறக்கிக் கொடுப்பது வேறு.

அகத்தியர் அருவிக்குப் போகும் வழியில் சற்று நின்று பாருங்கள். குட்டி வயிற்றைக் கவ்வியிருக்க, தாய்க்குரங்கு ஒன்று நிறுத்தி வைத்த ஸ்கூட்டரில் தாவி ஏறும். மாட்டியிருக்கும் பையின் ஜிப்பை இழுக்கும். துண்டையும் மாற்றுத் துணியையும் தள்ளிவிட்டு மிக்சர் பாக்கெட்டை மட்டும் எடுக்கும். மூலையைப் பல்லால் கிழித்து, இரண்டு கன்னமும் உப்புகிற வரை திணித்துக்கொண்டு, பாக்கெட்டைப் பள்ளத்தில் வீசிவிட்டுப் போகும். ஜிப்பைத் திறக்க அதற்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. நாம் போட்ட பழத்தில் தொடங்கிய படிப்பு அது.

நாட்டுக்குரங்கின் இயல்பான தீனி அத்திப்பழம், ஆலம்பழம், கொழுந்து, பூச்சி. பழத்தைக் கன்னப் பையில் அடக்கிக்கொண்டு வேறு மரத்துக்குப் போய், தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பும். காட்டுக்கு அது செய்துவந்த விதைப்பு வேலை இது. சாலையோரத்தில் உட்கார்ந்தே வயிறு நிறைந்துவிட்டால் காட்டுக்குள் போவானேன்? உப்பும் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த தீனியால் உடம்பு பெருக்கிறது, கூட்டமும் பெருக்கிறது. தீனி விழும் இடத்தில் சண்டை. சண்டையில் சாலைக்கு ஓடிவரும் குட்டி சக்கரத்தில் சிக்குகிறது.

அதே மலையின் மேலே, கக்காச்சி, கோதையாறு பக்கத்துச் சோலைகளில் சிங்கவால் குரங்கு வெடிப்பலாவைத் தின்றுகொண்டு மனிதன் கையை எதிர்பார்க்காமல் வாழ்கிறது. அதற்கு யாரும் புண்ணியம் செய்யப் போகாதது நல்லதாகப் போயிற்று.

குரங்கு கடித்தாலோ பிராண்டினாலோ மஞ்சள் தடவிக்கொண்டு வீட்டில் இருந்துவிட வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

பாபநாசம் படித்துறையில் மீனுக்குப் பொரி போடலாமா?

ஒரு கைப்பிடிப் பொரியால் ஆறு கெட்டுவிடாது. பொரி வாங்கிய பாலிதீன் பையைப் படியிலேயே விட்டுவிட்டு வருகிறீர்களே, அதுதான் விஷயம்.

பரிகாரம் செய்தபின் உடுத்திய துணியை ஆற்றில் விட வேண்டும் என்று சொல்கிறார்களே? சாத்திரத்தை மாற்ற முடியுமா?

சாத்திரம் எழுதியவர்கள் காலத்தில் பாலியஸ்டர் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம். பருத்தித் துணி தண்ணீரில் கிடந்தால் சில மாதங்களில் மட்கிவிடும். இன்று ஆற்றில் விழும் சேலையும் சட்டையும் பெரும்பாலும் செயற்கை இழை. அது மட்காது. நைந்து, கண்ணுக்குத் தெரியாத இழைகளாகப் பிரிந்து, மீனுக்குள்ளும் வண்டலுக்குள்ளும் போகும்.

பாபநாசத்தில் தண்ணீர் வற்றும் நாட்களில் பாருங்கள். பாறை இடுக்குகளில் சேலைகள் கயிறு முறுக்கியதுபோல் சுற்றிக்கொண்டு, அதன்மேல் பாசி படிந்து, எது பாறை, எது துணி என்று தெரியாமல் கிடக்கும். தன்னார்வலர்கள் இழுத்து இழுத்துக் கரையில் குவிக்கிறார்கள். அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் அதே அளவு வந்துவிடுகிறது. அந்த இடுக்குகள்தான் மீன் முட்டையிட்டு ஒதுங்கும் இடம். அந்த மீனை நம்பித்தான் நீர்நாய் இருக்கிறது. முங்கிக் குளிக்கிறவர்களின் காலிலும் இந்தத் துணி சுற்றுகிறது. பாவம் போக்க வந்த இடத்தில் அடுத்தவர் உயிருக்கு உலை வைப்பது எந்தப் பரிகாரத்தில் சேரும்?

வழி எளிது. ஆற்றில் நனைத்து, கரையில் கழற்றி, துணிக்கென்று வைத்திருக்கும் தொட்டியில் போடுங்கள். தொட்டி இல்லை என்றால் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள். சடங்கு செய்துவைக்கிறவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் அவரும் ஒத்துக்கொள்வார். அவருடைய வீட்டுக் குழாயிலும் இந்த ஆற்றுத் தண்ணீர்தான் வருகிறது.

ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு சொரிமுத்து அய்யனார் கோயிலில் தங்குவோம். எதைக் கொண்டுபோகக் கூடாது?

முதலில் எங்கே தங்குகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். களக்காடு முண்டந்துறை தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். 1988ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 895 சதுர கிலோமீட்டர். அதன் நடுவில், காரையாற்றின் கரையில் நீங்கள் குடில் போடுகிறீர்கள். புலியின் வீட்டு முற்றத்தில் பொங்கல் வைக்க ஆண்டுக்கு ஒருமுறை இடம் கிடைப்பதே பெரிய காரியம்.

பாலிதீன் பை, தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர், ஷாம்பு பாக்கெட், ஒலிபெருக்கி எதுவும் வேண்டாம். சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள் என்பதற்காக மட்டும் அல்ல. இந்தத் தண்ணீரைக் கீழே குடிக்கிறவர்களில் முதல் ஆட்கள் மலையிலேயே இருக்கிற காணிக்காரப் பழங்குடிகள். கிடா வெட்டுகிறவர்கள் கழிவைக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். எலும்பை இறைத்துவிட்டு வந்தால், நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அதைத் தேடி எவை எல்லாம் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

கரடியும் சிறுத்தையும் இப்போதெல்லாம் ஊருக்குள் வருகின்றனவே, காட்டில் இரை இல்லையா?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. 2022 நவம்பரில் கடையம் பக்கம் கரடி தாக்கி மூன்று பேர் படுகாயம் அடைந்தார்கள். 2024 மே மாதம் வேம்பையாபுரத்திலும் அனவன்குடியிருப்பிலும் கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தார்கள். மலையடிவார மக்களின் பயம் நியாயமானது. நகரத்தில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் காட்டில் இரை இல்லாததுதான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஊரில் இரை அதிகமாகிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோழிக்கடைக் கழிவை மூட்டை கட்டி வாய்க்கால் கரையில் வீசுகிறோம். அதைத் தின்று தெருநாய் பெருகுகிறது. சிறுத்தைக்கு நாயைவிடச் சுலபமான இரை கிடையாது. நாயைத் தேடி வந்தது, பட்டியில் அடைக்காத ஆட்டையும் பார்க்கிறது. கூண்டில் பிடித்து முண்டந்துறைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டாலும், வாய்க்கால் கரை மூட்டை அப்படியே இருக்கும்வரை அடுத்த சிறுத்தைக்கு இடம் காலியாகத்தான் இருக்கும்.

கரடியின் கதை கொஞ்சம் வேறு. கறையான், தேன், இலந்தை, கொன்றைக் காய் என்று தின்று திரியும் பிராணி அது. மோப்பம் அபாரம். அடிவாரத் தோப்பில் பலா பழுத்தால் அதற்குத் தெரிந்துவிடும். பழுத்து விழுந்ததைப் பொறுக்காமல் விட்டுவைக்கிற தோப்புகளும், இரவு முழுக்க எண்ணெய் விளக்கும் பிரசாதமும் வெளியில் இருக்கிற சின்னக் கோயில்களும் அதற்கு வாடிக்கையான கடைகள். கரடிக்குக் கண் பார்வை மட்டு. திடீரென்று எதிரில் ஆளைக் கண்டால் மிரண்டு பாயும். விடியற்காலையிலும் அந்திக்குப் பிறகும் தோப்புக்குத் தனியாகப் போகாதீர்கள். போக வேண்டி வந்தால் டார்ச் அடித்துக்கொண்டு, சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். செல்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு காதை அடைத்தபடி போவது ஆபத்து.

ஊர்த் தீனியின் ருசி ஒரு விலங்கை என்ன செய்யும் என்பதற்கு அரிக்கொம்பன் கதை போதும். இடுக்கிப் பக்கம் ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்று பழகிய யானை. 2023 ஏப்ரலில் பெரியாறு காட்டில் விட்டார்கள். தேனி மாவட்டத்துக்குள் வந்தது. ஜூனில் பிடித்து நம் மலையில் விட்டார்கள். சில மாதங்களில் மாஞ்சோலைத் தோட்டக் குடியிருப்புப் பக்கம் வந்து வாழையைத் தின்றது. யானையை லாரியில் ஏற்றலாம். அதன் நாக்குப் பழக்கம் கூடவே வரும்.

காட்டுப்பன்றிக்கு மின்வேலி போட்டால் என்ன?

வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவது சட்டப்படி குற்றம். பன்றி மட்டும் சாகாது. யானை சாகும், பக்கத்து வயல்காரர் சாவார், சில சமயம் போட்டவரே சாவார். நாட்டுவெடியும் அப்படியே. 2025ல் வந்த அரசாணைப்படி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட வனத்துறைக்கு வழி இருக்கிறது. விண்ணப்பம் கொடுங்கள். விடாமல் போய்க் கேளுங்கள்.

தாமிரபரணித் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா? எங்கள் அப்பா கையால் அள்ளிக் குடித்திருக்கிறார்.

அப்பா குடித்தது உண்மை. நீங்கள் குடிக்காதீர்கள். குழாயில் வருவதையும் காய்ச்சியே குடியுங்கள்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை சுமார் 128 கிலோமீட்டர். தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே முடிகிற ஆறு. எனவே ஆறு கெட்டதற்கு மேலே இருக்கிற மாநிலத்தின்மேல் பழி போட நமக்கு வழியில்லை. எட்டு அணைக்கட்டுகள் வழியாக வயலுக்குப் பாய்ந்து, வழியிலேயே ஊர் ஊராகக் குடிநீர் கொடுத்து, ஊர் ஊராகச் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு போகிறது. 2024 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் நேரில் வந்து, சாக்கடை கலக்கும் இடங்களைப் பார்வையிட்டார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் எல்லாவற்றையும் நீர்த்துப் போகச் செய்கிறது. கோடையில் நீர்வரத்து குறையும்போது சாக்கடை மட்டும் குறைவதில்லை. வாந்தி, பேதி, மஞ்சள்காமாலை, டைபாய்டு எல்லாம் அந்த வழியில் வருகிறவைதான்.

சோப்புப் போட்டுக் குளித்தால் என்ன ஆகிவிடும்? ஆள் ஒன்றுக்கு ஒரு துண்டுதானே.

குற்றால அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு நீதிமன்ற உத்தரவின் பேரில் தடை இருக்கிறது. கீழே சில பேர் நுரையோடுதான் நிற்கிறார்கள். சோப்பு நுரையைவிட வீட்டுச் சாக்கடையில் கலந்து வருவது பல மடங்கு அதிகம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான்: அமலைச் செடி. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த ஆகாயத்தாமரை, கழிவில் இருக்கும் பாஸ்பேட்டையும் நைட்ரஜனையும் குடித்து, சாதகமான சூழலில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். தண்ணீரை மூடி வெளிச்சத்தை மறைக்கும். மூச்சுக்காற்று குறைந்து மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். பொக்லைன் வைத்து அள்ளி, கரையில் படம் எடுத்து, செய்தித்தாளில் போட்டு முடிப்பதற்குள் மறுபடியும் முளைத்திருக்கும். சாக்கடையை நிறுத்தாமல் செடியை மட்டும் அள்ளுவது பணத்துக்குப் பிடித்த கேடு.

கேரளத்துக் கழிவை இங்கே கொட்டுகிறார்களே, அதைக் கேட்க மாட்டீர்களா?

கேட்டோம். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு மூட்டைகள் கிடந்தபோது ஊரே கேட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாள் கெடு விதித்தது. கேரள அரசு லாரி அனுப்பி அள்ளிச் சென்றது. நல்ல காரியம். அதே வேகத்தில் நம் ஊர்க் கோழிக்கழிவையும் கேட்டிருந்தால் முந்தைய சில கேள்விகளுக்கு இங்கே இடமே இருந்திருக்காது.

டெங்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எங்கள் தெருவில் சாக்கடையே கிடையாது.

டெங்குக் கொசு சாக்கடையைத் தேடாது. சுத்தமான தண்ணீரைத் தேடும். குடிநீர் சில நாளைக்கு ஒருமுறை வருகிற தெருவில் வீட்டுக்கு இரண்டு பிளாஸ்டிக் டிரம் நிற்கும். பிரிட்ஜின் பின்தட்டு, கொல்லையில் கிடக்கும் சிரட்டை, இளநீர்க் கூடு, பழைய டயர், யாரும் மாவாட்டாத ஆட்டுக்கல் எல்லாம் அதற்கு வீடுதான். 2012ல் கடையநல்லூர் உள்ளிட்ட நம் பக்கத்து ஊர்கள் டெங்குவால் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள்.

பலரும் தவறவிடுகிற ஒன்று: முட்டை தண்ணீரில் மிதக்காது. பாத்திரத்தின் உள்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் சாகாது. காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். எனவே வாரம் ஒருமுறை டிரம்மின் உள்சுவரைத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்க வேண்டும். கடிக்கிற நேரம் பகல்.

உண்ணிக் காய்ச்சல் என்கிறார்களே, அது மாட்டு உண்ணியா?

இல்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. எலியும் புதரும் சேர்ந்த இடம் அதற்குச் சொர்க்கம். அந்தச் சொர்க்கத்தை நாமே சதுர அடிக் கணக்கில் விற்றுக்கொண்டிருக்கிறோம். கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைந்த வயலில் கல் நட்டுப் பிளாட் போடுகிறார்கள். வாங்கியவர் சென்னையிலோ துபாயிலோ இருக்கிறார். மனையில் சீமைக்கருவேலம் வளர்கிறது, அக்கம்பக்கத்தார் குப்பையைக் கொட்டுகிறார்கள், குப்பைக்கு எலி வருகிறது. பந்து எடுக்கப் புதருக்குள் போன பிள்ளைக்குக் காய்ச்சல்.

ஐந்து நாளாகியும் விடாத காய்ச்சல், தலைவலி, அக்குளிலோ இடுப்பிலோ தொடை இடுக்கிலோ சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு கறுத்த பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் அந்தப் பொருக்கைக் காட்டுங்கள். கூச்சத்தால் காட்டாமல் விடுவதால்தான் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. சீக்கிரம் தெரிந்தால் டாக்சிசைக்ளின் போன்ற சாதாரண மருந்திலேயே குணமாகும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும்.

பார்சல் சாம்பார் வாங்குவதில் உடம்புக்குக் கெடுதலா, ஊருக்குக் கெடுதலா?

இரண்டுக்கும். கொதிக்கிற சாம்பாரை மெல்லிய பாலிதீனில் ஊற்றி ரப்பர் பேண்ட் சுற்றித் தருகிறார்கள். சூடும் எண்ணெயும் புளியும் பட்டால் பிளாஸ்டிக்கில் சேர்த்த ரசாயனங்கள் கசியும். 2022ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மனித ரத்தத்திலேயே நுண்பிளாஸ்டிக் இருப்பதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அது உடம்பை முழுதாக என்ன செய்யும் என்று அவர்கள் சொல்லி முடிக்கும் வரை தூக்குவாளியோடு கடைக்குப் போவதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. இந்தப் பைகள் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை என்பதையும் கடைக்காரருக்குச் சிரித்துக்கொண்டே ஞாபகப்படுத்தலாம். சாம்பார் வாசத்தோடு குப்பையில் விழும் பையைப் பசு மாடு பையோடுதான் தின்கிறது.

கூந்தன்குளத்தில் தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. நாங்குநேரிப் பக்கம் இருக்கிற இந்தக் குளம் 1994ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022ல் ராம்சார் என்கிற, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அரசு அறிவிப்பதற்கு வெகு காலம் முன்பே ஊர்க்காரர்கள் பறவைகளைத் தங்கள் சொந்தம்போல் வைத்திருந்தார்கள். வீட்டுக் கொல்லை மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். எச்சத்தின் வீச்சத்தைச் சகித்துக்கொண்டு கீழே சோறு உண்பார்கள். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் கொடுத்து வளர்த்துவிடுகிற வீடுகள் உண்டு. இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்தையும் இங்கே பார்க்கலாம்.

இப்போது வெடியைவிடப் பெரிய தொல்லை நம் போன்ற விருந்தாளிகள். டிரோன் விடுகிறார்கள், கல்யாணப் படம் எடுக்கக் கரையில் இறங்குகிறார்கள், பறவை எழும்பினால்தான் படம் நன்றாக வரும் என்று கை தட்டுகிறார்கள். தாய்ப் பறவை எழும்பிய சில நிமிடம் போதும். திறந்து கிடக்கும் முட்டையைக் காகம் கொண்டுபோகும், இல்லாவிட்டால் வெயிலில் வெந்துவிடும்.

கங்கைகொண்டானில் மான்கள் சாலையில் அடிபடுவது ஏன்?

அங்கே 2013ல் புள்ளிமான் சரணாலயம் அமைந்தது. பரப்பு சுமார் 288 ஹெக்டேர். சிறிய இடம். பக்கத்திலேயே நாற்கரச் சாலை. கோடையில் தண்ணீர் தேடி வெளியே வரும் மானை ஒரு பக்கம் வாகனமும் மறுபக்கம் நாயும் துரத்துகின்றன. இரவில் அந்த வழியாகப் போகும்போது வேகத்தைக் குறையுங்கள்.

உவரிப் பக்கம் கடற்கரையில் விளக்குப் போட்டால் ஆமைக்கு என்ன?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலம். பொரித்த குஞ்சு இரவில் வெளிச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே போகும். முன்காலத்தில் கடற்பரப்புதான் வெளிச்சமாக இருந்தது. இப்போது சாலை விளக்கு. குஞ்சு சாலைக்குப் போகிறது.

மாஞ்சோலையில் தேயிலை நின்றுவிட்டதே, இனிச் சுற்றுலாவுக்குத் திறந்துவிடலாமே?

தேயிலைக் கம்பெனி 1929ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலை. குத்தகை 2028 வரை இருந்தும் 2024லேயே கம்பெனி வேலையை நிறுத்தியது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தொழிலாளர்களை இறங்கச் சொல்லிவிட்டு, அதே இடத்தில் ரிசார்ட்டுக்காரர்களை ஏறச் சொன்னால் அது காட்டுக்கும் துரோகம், தொழிலாளிக்கும் துரோகம்.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் எங்கே கூட்டிப்போய்க் காட்டலாம்?

2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் இதை நடத்துகிறது. பறவை பெயர் தெரியாதவர்களும் கலந்துகொள்ளலாம், தெரிந்தவர்களோடு சேர்த்துத்தான் அனுப்புவார்கள். தொப்பி, மங்கலான நிறத்தில் சட்டை, வீட்டிலிருந்து ஒரு புட்டித் தண்ணீர் போதும். தின்பண்டம் கொண்டுபோனால் பொதிந்த காகிதத்தைத் திரும்ப எடுத்து வரச் சொல்லுங்கள். விடிந்தும் விடியாத நேரத்தில் குளத்தங்கரையில் நிற்க வேண்டியிருக்கும். முந்தின நாள் இரவு செல்போனை வாங்கி வைத்துவிட்டுச் சீக்கிரம் தூங்க வையுங்கள்.